ஃபாய்ன்ஸ் விமான நிலைய உணவகம்



விமானம் ஏறுமுன் நிலையத்து உணவகத்தில் அமர்ந்து பசியாறுவதும், அங்குள்ள வரியில்லாக் கடைகளைச் சுற்றிப் பார்ப்பதும் இன்று பழகிப்போன காட்சிகள். அந்த வரியில்லாக் கடை, ஓர் உணவகத்தை நடத்தியவரின் சிந்தனையில் உதித்தது என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றை இன்று காண்போம்.

அயர்லாந்தின் மேற்கே, ஷானன் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஃபாய்ன்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அக்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தவை 'பறக்கும் படகு' எனப்பட்ட விமானங்கள். அவை நீரில் இறங்கி, நீரிலிருந்தே எழுபவை. அதற்கு அலையடங்கிய ஆற்றுமுகம் வேண்டும். அது ஃபாய்ன்சில் இருந்தது. 1937ஆம் ஆண்டில் அங்கே சோதனைப் பயணங்கள் தொடங்கின. 1939 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து பயணிகளே வந்திறங்கினர்.

கடலின் மறுகரையை அடையப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். எதிர்க்காற்று வீசினால் புறப்படவே முடியாது. புறப்பட்டாலும் திரும்பிவர நேரிடும். ஆகவே அங்கு ஒரு வேளைச் சூடான உணவு ஆடம்பரமன்று, அத்தியாவசியத் தேவை.

1943ஆம் ஆண்டில் அவ்வுணவகப் பொறுப்பு பிரெண்டன் ஓ'ரீகன் என்பவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 26. தங்குவிடுதி நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப்போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடு அயர்லாந்து. உலகத் தலைவர்களும் செல்வந்தர்களும் வந்து உண்ணும் இடத்தைத் தம் நாட்டவரே நடத்த முடியும் என்று அவர் காட்டினார். அவ்வட்டாரத்து இளைஞர்களுக்கு மேசை அமைக்கவும் விருந்தினரை உபசரிக்கவும் பயிற்சி அளித்தார்.

ஓர் இரவு, மோசமான வானிலையால் திரும்பிவந்த பயணிகள் குளிரில் நடுங்கினர். சமையற்காரர் ஜோ ஷெரிடன் சூடான காப்பியில் விஸ்கி கலந்து, மேலே பாலேடு வார்த்துக் கொடுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. உலகெங்கும் பரவிய 'ஐரிஷ் காப்பி' அதுதான்.

ஆனால் அந்நிலை நீடிக்கவில்லை. தரையிலிறங்கும் பெரிய விமானங்கள் வந்தன. 1945ஆம் ஆண்டில் ஃபாய்ன்சில் பறக்கும் படகுகள் நின்றன. விமானப் போக்குவரத்து அக்கரையிலிருந்த ஷானன் நிலையத்துக்கு மாறியது. ஓ'ரீகன் அங்கும் சென்றார். 1947ஆம் ஆண்டில் உலகின் முதல் வரியில்லா விமான நிலையக் கடையைத் திறந்தார். 1951ஆம் ஆண்டில் தங்குவிடுதித் தொழிலுக்கென ஒரு கல்லூரி தொடங்கக் காரணமானார்.

பின்னர் ஜெட் விமானங்கள் எண்ணெய் நிரப்ப ஷானனில் இறங்காமலே பறக்கத் தொடங்கின. மறுபடியும் வேலைக்கு ஆபத்து! அதற்கு விடையாக 1959ஆம் ஆண்டில் நிலையத்தை ஒட்டியே தடையற்ற தொழில் வட்டாரம் அமைந்தது. ஆலைகள் வந்தன, வேலையும் வந்தது.

நேயர்களே, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும் கண்டவர்கள் நாம். ஒரு தொழில் மறைந்தால் அதை நம்பிய ஊரும் தளரும். ஆயினும் கற்ற கைத்திறன் கூடவே வரும். பறக்கும் படகு போய்விட்டது. பரிமாறக் கற்றவர்களின் திறமை ஆற்றைக் கடந்து அக்கரையில் பிழைத்தது. சமையலோ, உபசரிப்போ, இயந்திரமோ, எத்தொழிலும் இழிவன்று. அதை முறையாகக் கற்க நம் பிள்ளைகளுக்கு இன்றே வழிசெய்வோம்.