ஆண்மை எனும் பாடம்

பள்ளி மைதானத்திலே ஒரு சிறுவன் தடுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்தது, குருதி கசிந்தது, அழுதான். "சீச்சீ! ஆண் பிள்ளை அழலாமா? பெண்ணா நீ?" என்றது ஒரு குரல். சிறுவன் கண்ணைத் துடைத்துக் கொண்டான். வலி போயிற்றா? இல்லை. வலியை மறைக்கக் கற்றான். பெண் என்பது ஏச்சுச் சொல் என்பதையும் சேர்த்தே கற்றான். ஒரு நொடியிலே இரண்டு பாடங்கள்! கற்பித்த ஆசிரியன் வேறு யாருமல்லன், இதனை எழுதுபவனே.

அன்று தொட்டு ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆண்மை இயற்கையாம்! இயற்கையெனில் அதற்கு ஆசிரியர் எதற்கு? சுடுவதெப்படி என்று நெருப்புக்கு எவரும் பாடம் நடத்துவதில்லை. ஆண்மைக்கோ, தொட்டிலிலே தொடங்கித் திண்ணையிலே வளர்ந்து திரைப்படக் கொட்டகை வரையில் பாடம் நடக்கிறது. ஆகவே அது கற்பிக்கப்படுவது. கற்பித்தவர் எவர்? வரலாற்றைக் கேட்போம்.

புறநானூற்றிலே பொன்முடியார் எனும் பெண்பாற் புலவர் ஒரு பாடத்திட்டமே வகுத்துத் தருகிறார். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வர் கூடி ஒரு மகனை உருவாக்குகின்றனர். அவன் செய்ய வேண்டியதோ, களம் புகுந்து களிற்றை வீழ்த்தி மீள்வது! ஆண் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறான் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ? நம் சேலத்துக்கு அண்மையில், தருமபுரி வட்டாரத்திலும் செங்கத்திலும் நிற்கும் நடுகற்களும் அதே பாடத்தைக் கல்லிலே பேசுகின்றன. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல். அவனை ஈன்று வளர்த்தவளுக்குக் கண்ணீர்!

அது போர்க்காலம், வீரன் வேண்டியிருந்தான் என்பர். இருக்கட்டும். ஆநிரைப் போர் ஓய்ந்த பின்னும் பாடம் ஓயவில்லையே! தொல்காப்பியம் ஆணுக்கு வலிமையையும் பெண்ணுக்கு அச்சத்தையும் நாணத்தையும் இலக்கணமாகவே பங்கிட்டது. பிறன் மனைவியை விரும்பாமையைப் பேராண்மை என்று உயர்த்தினார் வள்ளுவர். அடக்கத்தை ஆண்மையாக்கிய அருமையான பாடம் அது. அவரே 'பெண்வழிச் சேறல்' எனும் 91ஆம் அதிகாரத்திலே மனைவி சொற்படி நடப்பவனை இகழ்கிறார். போற்ற வேண்டியதைப் போற்றுவோம். தள்ள வேண்டியதைத் தள்ளுவோம். பகுத்தறிவுக்கு அதுவே அழகு.

வேரிலே கோடரி வைத்தவர் பெரியார். பெண் விடுதலை பெற வேண்டுமானால் 'ஆண்மை' எனும் கருத்தே அழிய வேண்டும் என்று 1928இல் 'குடி அரசு' ஏட்டிலே எழுதினார். பெண்ணுக்கு உரிமை கேட்டவர்கள் முன்னும் உண்டு. ஆணின் பாடத்தையே கிழிக்கச் சொன்னவர் எத்தனை பேர்? மறு ஆண்டு, 1929இல், செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. தமிழ்நாட்டிலே சட்டம் வந்தது 1989இல். அறுபது ஆண்டுகள்! இந்தியா முழுமைக்கும் வர 2005 ஆயிற்று.

சட்டம் மாறிற்று, பாடம் மாறியதா? திராவிடர் கழகம் எனும் பெயர் 1944இல் பிறந்தது நம் சேலத்திலேதான். அதே சேலத்திலேதான் 1992இல் அரசு தொட்டில் வைத்தது. பெண் சிசுவைக் கொல்லாதீர், வேண்டாமெனில் இத்தொட்டிலில் இடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை! 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் சேலம் மாவட்டத்தில் 851 பேரே; மாநிலம் முழுமைக்கும் 942. வறுமை, வரதட்சணை எனக் காரணம் கூறுவர். மெய்தான். ஆனால் அதே வறுமையிலே ஆண் குழந்தை பிழைத்ததே, எப்படி? ஆண் வரவு, பெண் செலவு என்ற பாடமல்லவா அந்தப் பச்சைக் குழந்தையின் கழுத்தை நெரித்தது!

நம் ஜலகண்டாபுரம் நெசவூர். கைத்தறி வீட்டிலே தறியில் அமர்பவன் ஆண். நூல் இழைப்பவளும் தார் சுற்றுபவளும் பெண். தார் தீர்ந்தால் நாடா நிற்கும். நாடா நின்றால் தறியும் நிற்கும். எனினும் நெசவாளி என்ற பெயர் அவனுக்கு. 'கூடமாட ஒத்தாசை' என்ற பெயர் அவளுக்கு! அதைப் பார்த்து வளரும் சிறுவனுக்கு வேறு பாடநூல் எதற்கு?

"அப்படியானால் ஆண்கள் கோழைகளாவதா?" என்று கேட்பர். வீரம் வேண்டும், தோழர்களே! அது ஆணின் தனிச்சொத்தன்று என்பதே நம் வாதம். 1938 இந்தி எதிர்ப்புப் போரிலே டாக்டர் தருமாம்பாள் முதலிய பெண்கள் சிறை புகுந்தனர். கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் அவர்களில் உண்டு. அந்த வீரத்துக்கு 'ஆண்மை' என்றா பெயரிடுவது?

ஒன்று கூறுகிறேன், கசந்தாலும் பொறுத்திடுக. மேடையேறும் நம் தோழர்களே, "ஆண்மையிருந்தால் வா" என்று அறைகூவுகின்றனர். மாற்றாருக்கு வளையலும் சேலையும் அனுப்புவோம் என்கின்றனர். கைதட்டலும் கிடைக்கிறது. வளையல் இழிவா? அதை அணிந்த கையன்றோ நம்மைத் தூக்கி வளர்த்தது! மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் சிறுவன் நம் கொள்கையைக் கேட்பதற்கு முன் அந்த ஏச்சைக் கற்றுக் கொள்கிறான்.

பாடம் கற்பித்தவர் மனிதர் எனில், மாற்றிக் கற்பிக்கவும் மனிதரால் முடியும். ஏச்சை நிறுத்துவோம். வீட்டிலே அடுப்பை மூட்டுவோம். உண்ட தட்டை நாமே கழுவுவோம். மகன் பார்க்கட்டும்! பள்ளியிலே இனி ஒரு சிறுவன் விழுந்து அழுதால், நான் கேட்கப் போவது ஒன்றே: "வலிக்கிறதா, தம்பி?"