உட்செவியின் குருதிக்குழாய்ப் பட்டையும் அதன் புரதங்களும்

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் வெளிச்சுவரை ஒட்டி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய பட்டை ஒன்று உள்ளது. இது ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் எனப்படுகிறது. தமிழில் குருதிக்குழாய்ப் பட்டை எனலாம். ஒலியை நரம்புக் குறிப்புகளாக மாற்றும் மயிர்ச்செல்களுக்குத் தேவையான மின்னழுத்தத்தை இப்பட்டையின் புரதங்களே உருவாக்குகின்றன. அவற்றுள் இரண்டு புரதங்கள் இதயத் தசையிலும் உள்ளன. பிறவியிலேயே காது கேளாத சில குழந்தைகள் திடீரென மயங்கி விழுந்து இறந்ததன் காரணம் இந்தத் தொடர்பு தெரிந்த பின்னரே விளங்கியது.

கோர்ட்டியின் கண்டுபிடிப்பு

இத்தாலியரான அல்ஃபோன்சோ கோர்ட்டி, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஆல்பர்ட் கோலிக்கரின் ஆய்வகத்தில் பாலூட்டிகளின் காக்ளியாவை நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்தார். 1851 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், பின்னாளில் கோர்ட்டி உறுப்பு எனப் பெயர் பெற்ற பகுதியோடு இப்பட்டையையும் விவரித்தார். உடலின் புறப்படலத் திசுக்களுக்குள் பொதுவாக இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அவை கீழே உள்ள திசுவிலிருந்தே ஊட்டம் பெறுகின்றன. இங்கோ தந்துகிகள் செல்களுக்கிடையே ஊடுருவிச் செல்கின்றன. இவ்வளவு இரத்தம் எதற்கு என்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தெளிவான விடை கிடைக்கவில்லை.

மின்கலம் போன்ற பட்டை

ஹங்கேரியில் பிறந்த கியார்க் வான் பெகேசி, காக்ளியாவின் நடு அறையில் ஒலி ஏதும் இல்லாத போதும் நிலையான நேர்மின்னழுத்தம் இருப்பதை 1952 இல் அறிவித்தார். அதன் அளவு சுமார் 80 மில்லிவோல்ட். காக்ளியாவின் இயக்கத்தை விளக்கியதற்காக 1961 இல் இவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த அறையை நிரப்பும் எண்டோலிம்ப் நீர்மத்தை 1954 இல் கேதரின் ஸ்மித், ஆலிவர் லௌரி, மெய்-லிங் வூ ஆகியோர் பகுப்பாய்வு செய்தனர். செல்களுக்கு வெளியே உள்ள நீர்மங்களில் வழக்கமாகச் சோடியமே மிகுந்திருக்கும். இதில் மாறாகப் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருந்தது.

இம்மின்னழுத்தம் குருதிக்குழாய்ப் பட்டையிலிருந்தே பிறக்கிறது என்று 1959 இல் இச்சிஜி டசாகியும் ஸ்பைரோபுலோசும் காட்டினர். ஆக்சிஜன் தடைபட்டால் சிறிது நேரத்திலேயே இது வீழ்ந்துவிடும். பட்டைக்கு இடைவிடாத இரத்த ஓட்டம் தேவைப்படுவதன் காரணம் இதுவே. 1965 இல் ஹாலோவெல் டேவிஸ் இதனை மயிர்ச்செல்களுக்கு ஆற்றல் தரும் மின்கலத்தோடு ஒப்பிட்டு விளக்கினார். ஆனால் அந்த மின்கலம் எவற்றால் ஆனது என்பது அப்போது தெரியாது.

நார்வே குடும்பம்

இதற்கிடையே 1957 இல் நார்வே மருத்துவர்களான அன்டன் ஜெர்வெல், ஃபிரெட் லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். அதில் இருந்த ஆறு குழந்தைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்நால்வருக்கும் அடிக்கடி மயக்கம் வந்தது. மூவர் சிறுவயதிலேயே திடீரென இறந்தனர். பெற்றோருக்குக் காது நன்றாகக் கேட்டது. குழந்தைகளின் இ.சி.ஜி. பதிவில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின் ஓய்வுநிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் நீண்டிருந்தது. காதையும் இதயத்தையும் ஒருசேரத் தாக்கும் குறை எதுவென்று அன்று யாராலும் கூற இயலவில்லை.

புரதங்கள் வெளிப்படுதல்

விடை 1990களில் மரபணு ஆய்வுகளிலிருந்து வந்தது. கே.சி.என்.கியூ1, கே.சி.என்.ஈ1 என்னும் இரு புரதங்கள் இணைந்து, இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் வழியாக அமைவது 1996 இல் தெரியவந்தது. அதே ஆண்டில், இரண்டாவது புரதம் இல்லாத எலிகளுக்குக் காது கேளாமையும், எண்டோலிம்ப் நிறைந்திருக்க வேண்டிய அறை சுருங்கிப் போனதும் கண்டறியப்பட்டன. 1997 இல், ஜெர்வெல்–லாங்கே-நீல்சன் நோய் உள்ள குடும்பங்களில் இவ்விரு புரதங்களுக்கான மரபணுக்களில் மாற்றங்கள் இருப்பது உறுதியானது. பட்டையின் விளிம்புச் செல்கள் எண்டோலிம்புக்குள் பொட்டாசியத்தைச் செலுத்துவது இதே வழியாகத்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைக்கு வழி அடைபடுகிறது; காது கேளாமல் போவதோடு இதயத்துடிப்பும் தடுமாறுகிறது.

அதே 1997 இல் மேலும் இரு புரதங்கள் வெளிப்பட்டன. முதலாவது, காக்ளியாவின் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் கனெக்சின் 26. இதன் குறையே பல நாடுகளில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு மிகப் பொதுவான மரபுக் காரணமாக உள்ளது. இரண்டாவது பெண்ட்ரின். காது கேளாமையும் கழுத்துக் கழலையும் சேர்ந்திருந்த சகோதரிகள் இருவரைப் பற்றி 1896 இல் எழுதிய ஆங்கில மருத்துவர் வாகன் பெண்ட்ரெட்டின் பெயரால் இப்புரதம் அழைக்கப்படுகிறது.

பட்டையின் நடுவே உள்ள நிறமிச் செல்களின் பங்கு 2002 இல் தெளிவானது. அவற்றில் உள்ள கே.சி.என்.ஜே10 என்னும் புரதத்தை நீக்கிய எலிகளில் பெகேசி கண்ட மின்னழுத்தம் முற்றிலும் மறைந்தது.

மருத்துவப் பயன்

இவ்வகை மயக்கம் ஓடும்போதோ, அச்சம், பதற்றம் ஏற்படும்போதோ வருவதால் வலிப்பு நோய் எனத் தவறாகக் கருதப்படுவது உண்டு. பிறவியில் காது கேளாத குழந்தைக்கு மயக்கம் வந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. நோய் உறுதியானால் பீட்டா தடுப்பு மருந்துகளும், தேவைப்படின் உடலுக்குள் பொருத்தும் இதய அதிர்வுக் கருவியும் உயிரைக் காக்கின்றன. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பரிசோதிப்பதும் அவசியம்; ஒரு பழுதான மரபணு மட்டும் உள்ளவருக்குக் காது கேட்டாலும் இதயச் சிக்கல் இருக்கக்கூடும்.

இந்நோயில் பழுதடைவது மின்கலமே. செவி நரம்பு செயல்படும் நிலையில் இருக்கும். எனவே நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் உள்வைப்புக் கருவி இக்குழந்தைகளுக்குப் பயன் தருகிறது. அந்த அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் இதயத்தின் நிலையை அறிந்திருக்க வேண்டும் என்பதை, நார்வேயின் அந்தக் குடும்பத்திலிருந்தே மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது.