விரைவு சார்ஜிங் வலையமைப்பு (தமிழ்நாடு)

மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு நேர்மின்னோட்டத்தை நேரடியாகச் செலுத்தும் பொது நிலையங்களின் தொகுப்பு. நிலையம் நடத்தத் தனி மின் உரிமம் தேவையில்லை என்று ஒன்றிய மின்துறை 2018-இல் தெளிவுபடுத்தியபின் தனியாரும் எண்ணெய் நிறுவனங்களும் இத்துறைக்கு வந்தன. பாரத் பெட்ரோலியம் 2022-இல் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் 10 பங்க்குகளில் சார்ஜர் நிறுவியது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜியான் சார்ஜிங் நிறுவனம் கொங்குப் பகுதியில் அறிமுகமான பெயர்.

நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு நிலையம் என்பது ஒன்றிய அரசின் 2022 வழிகாட்டுதலாக இருந்தது. தூரத்தை மட்டும் பார்த்து இடம் தேர்வது போதாது. கோவை–திருச்சிச் சாலையும் (தே.நெ. 81) திருப்பூர்ச் சாலையும் (தே.நெ. 381) சந்திக்கும் அவிநாசிபாளையம் போன்ற கூட்டுரோடுகளே பொருத்தமானவை. ஆனால் 60 கிலோவாட் சார்ஜர் ஒன்றே சிறு பட்டறை அளவுக்கு மின்சாரம் கேட்கும். எனவே அங்குள்ள டிரான்ஸ்பார்மரில் அந்தச் சுமைக்கு இடமிருக்க வேண்டும்.

நிறுவிய சார்ஜர்களின் கண்காணிப்பு பெரும்பாலும் ஓ.சி.பி.பி. என்னும் திறந்த நெறிமுறை வழியே நடக்கிறது. சார்ஜர் குறித்த இடைவெளியில் மைய சர்வருக்குத் தன் இருப்பைத் தெரிவிக்கும். காலியாக உள்ளதா, ஏற்றுகிறதா, பழுதா என்ற நிலையையும் மீட்டர் அளவையும் அனுப்பும். சில கோளாறுகளைத் தொலைவிலிருந்தே மறுதொடக்கம் செய்து சரிசெய்யலாம். சிம் கார்டு சிக்னல் போனால் நல்ல சார்ஜரும் வாகன ஓட்டியின் செயலியில் செத்ததாகத் தெரியும். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம்: செயலி ‘காலி’ என்று காட்டும், கேபிள் முனை உடைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆள்தான் போக வேண்டும். எனவே நிலையங்களின் எண்ணிக்கையைவிட, அவை வேலைசெய்த நேரத்தின் விழுக்காடே நம்பத்தக்க அளவுகோல்.