சத்துணவுப் பிள்ளைகள்

பேத்திக்கு யூனிஃபார்ம் துணி எடுக்கப் போன இடத்தில், "எல்லாருக்கும் ஏன் தாத்தா ஒரே கலரு?" என்று கேட்டாள். கடையில் நின்று சொல்லி முடிகிற கதையா அது? இங்கே எழுதுகிறேன்.

1966-ல் நான் திண்டுக்கல்லில் மூன்றாம் வகுப்பு. அப்போது நாங்கள் மதுரை மாவட்டம். அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. காமராசர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்த மதிய உணவுதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு. அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பு அனுப்பிய மக்காச்சோள ரவையில் உப்புமா, பவுடர் கரைத்த பால். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். யார் ஏழை என்று வாத்தியார் பெயர் எழுதுவார். என் பெயரும் இருந்தது. தட்டைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் வந்தால் பையன்கள் என்னை "டேய் உப்புமா" என்பார்கள். பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் உப்புமா கிண்டினால் எனக்குப் பழைய சோறுதான்.

சீருடையும் அந்தக் காலத்து யோசனைதான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, பள்ளிக்குத் தேவையானதை ஊராரிடமே கேட்டு வாங்கினார். பட்டுப்பாவாடையும் ஒட்டுப்போட்ட பாவாடையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்பது எண்ணம்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடையும் வந்தது. நல்ல திட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் எடுத்த நீலம் ஒரு நீலம், சர்க்கார் நீலம் வேறு நீலம். பிள்ளைகள் கண்ணுக்கு அது தப்புமா?

அப்போது நான் ஆசிரியர். மத்தியானம் மணி அடித்ததும், "சத்துணவுப் பிள்ளைகள் எல்லாம் எந்திரிங்க" என்பேன். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர் மகள் ஒருத்தி ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை. கேட்டால் வயித்துவலி என்றாள். பிறகு குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னை உப்புமா என்று கூப்பிட்டது விவரம் தெரியாத பையன்கள். இவளைக் கூப்பிட்டது நான்.

மறுநாளிலிருந்து எல்லாரையும் ஒன்றாக அனுப்பினேன். டிபன் பாக்ஸும் தட்டும் ஒரே வேப்பமரத்தடியில். அவள் தட்டை எடுக்க மேலும் நாலைந்து நாள் ஆயிற்று.

2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாருக்கும் சாப்பாடு. போன திங்கட்கிழமை பக்கத்துப் பள்ளியில் எட்டிப் பார்த்தேன். ரவை உப்புமா. சமையல் செய்யும் அம்மா, "சார், கொஞ்சம் ருசி பாக்குறீங்களா?" என்று தட்டை நீட்டினார்கள்.

வாங்கிச் சாப்பிட்டேன்.