நெல்வயலில் களை இழப்பைக் கணித்தல்: எண்ணிக்கையிலிருந்து இலைப்பரப்புக்கு

களைகளால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்பதைக் கணிக்க, களைச்செடிகளின் எண்ணிக்கையே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. களை கூடும் வீதத்திலேயே இழப்பும் கூடும் எனக் கொண்ட நேர்கோட்டு மாதிரி, களை அடர்ந்த வயலில் 100 விழுக்காட்டையும் மீறிய இழப்பைக் காட்டியது. விளையாத நெல்லை இழப்பது எவ்வாறு? 1985இல் ரோஜர் கசென்ஸ் முன்வைத்த செவ்வக அதிபரவளைவு இக்குறையை நீக்கியது. களை அரிதாக உள்ளபோது ஒவ்வொரு செடியும் மிகுதியாகக் கெடுக்கிறது. பெருகியபின் அவை தமக்குள்ளும் போட்டியிடுவதால் இழப்பு ஓர் உச்சவரம்பை நெருங்குகிறது.

எனினும் அச்சமன்பாட்டில் களை முளைக்கும் காலத்துக்கு இடமில்லை. நெல்லில் இது சிறு குறையன்று. நடவு வயலில் நாற்று களையை முந்திக்கொள்கிறது. நேரடி விதைப்பிலோ நெல்லும் குதிரைவாலி இனப் புல்லும் ஒருங்கே முளைக்கின்றன. களையின் எண்ணிக்கை ஒன்றே; இழப்போ வேறு.

1991இல் கிராப், ஸ்பிட்டர்ஸ் இருவரும் பயிரின் தொடக்க நாள்களில் மொத்த இலைப்பரப்பில் களைக்குள்ள பங்கை அளவாகக் கொண்டனர். பிந்தி முளைத்த களைக்கு இலை குறைவு. எனவே காலமும் அவ்வளவுக்குள் அடங்கியது. 1993இல் கிராப், வான் லார் ஆகியோரின் நூல் பிலிப்பீன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இணைவோடு வெளிவந்தது. ஆயினும் வயலில் இலைப்பரப்பை அளப்பது, செடிகளை எண்ணுவதுபோல் எளிதன்று.