காவலர் கைக்கு வந்த துப்பாக்கி

நம் கோவிலூருக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரிலேதான் 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளன்று, பாளையத்து மக்கள் ஆயுதம் தாங்கலாகாதென்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பறைசாற்றினார். வேலும் துப்பாக்கியும் வீடுகளை விட்டு அகன்றன. வளரி எறியும் வித்தையைச் சின்ன மருதுவிடமே கற்றதாக, பின்னர் அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி எழுதி வைத்திருப்பது விந்தையன்றோ!

1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் படை அமைந்தது. சாதாரணக் காவலருக்குக் கிடைத்தது தடியே. சுழல் துப்பாக்கி, அதாவது ரிவால்வர், அதிகாரிகளின் இடுப்பை அணிசெய்தது. அமெரிக்காவிலோ நிலைமை வேறு. நியூயார்க் நகரப் போலீசின் தலைமைப் பொறுப்பிலிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1896-இல் தெருக்காவலர் யாவருக்கும் ஒரே வகையான கோல்ட் ரிவால்வரை விதித்தார்.

இங்கே பிற்காலத்தில் ஆயுதப் போலீசாருக்குக் கிட்டிய '.410 மஸ்கட்' என்னும் துப்பாக்கியின் கதை சுவையானது. படையினரின் துப்பாக்கியை இஷாப்பூர்த் தொழிற்சாலையில் மாற்றி அமைத்தனர். குழலின் உட்புறம் வழவழப்பாயிற்று; ஒரு முறைக்கு ஒரே தோட்டா; எட்டும் தூரமும் குறைவு. தன் காவலரையே அந்த அரசு முழுதும் நம்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொதுமக்களை நம்பாமையோ வெளிப்படை. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. அச்சட்டத்தை நீக்கிச் சுதந்தர இந்தியா 1959-இல் புதுச்சட்டம் இயற்றியது.