ரூம் அட்வான்சும் கார்டு போட்டோவும்

போன மாசம் சேலத்துல மாமா பையன் கல்யாணம். வெளியூர் சொந்தபந்தத்துக்கெல்லாம் ரூம் போடற ஆணி என் தலையில. பொட்டி தட்டறவன்தானே, இதுகூடவா தெரியாதுன்னு ஒரு நம்பிக்கை! ஐந்து ரோடு பக்கம் ஒரு ஹோட்டல், பேர் வேண்டாம். ரிசப்ஷன் தம்பி என் கிரெடிட் கார்டை வாங்கி, தன்னோட சொந்த செல்போன்ல முன்பக்கம் ஒரு கிளிக். திருப்பும்போது கையைப் புடிச்சுட்டேன்.

"எதுக்குங்க இது?"

"டெபாசிட்டுக்குங்க சார். எல்லாரும் குடுக்கறதுதானுங்க."

அப்பாவுக்கு ஒரே சங்கடம். "விடுறா, நாலு பேரு பாக்கறாங்க"ன்னார். அவர் நாமக்கல்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவர், பாக்காத லாட்ஜ் இல்ல. பெரிய நோட்டுல பேரு, ஊரு, வந்த காரியம்; ஒரு நாள் வாடகை அட்வான்ஸ்; சாவி. அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச டெபாசிட்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அந்தக் காலத்து சத்திரத்துல அட்வான்ஸே கிடையாது, சோறும் போட்டு அனுப்புவாங்க. அந்த நோட்டுக்குப் பின்னாடி இருக்கறது காசு இல்ல, சர்க்கார். 1867 சராய் சட்டத்துலயே, மாஜிஸ்ட்ரேட் கேட்டா ராத்திரி தங்கினவங்க விவரத்தை சராய்க்காரர் சொல்லணும்னு இருந்துச்சு.

கார்டு வந்தப்புறம் கதை மாறிடுச்சு. 1950ல நியூயார்க்ல டைனர்ஸ் கிளப், 1961ல இந்தியாவுக்கு வந்தது. 1980ல சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கார்டு விட்டது. கார்டுல நம்பர் ஏன் புடைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? மிஷின்ல வச்சு, மேல கார்பன் சிலிப் போட்டு, 'சர்ர்'னு இழுத்தா நம்பர் அச்சாகும். ஹோட்டல்ல ரூம் எடுக்கும்போதே இப்படி இழுத்து, தொகை எழுதாத சிலிப்ல கையெழுத்தும் வாங்கி வச்சுக்குவாங்க. வெத்து செக் குடுத்த மாதிரி! கிழிச்சுப் போட்ட கார்பன்ல முழு நம்பரும் இருக்கும். குப்பைத்தொட்டியைக் கிளறியே திருடினவங்க உண்டு.

அப்புறம் எலக்ட்ரானிக் மிஷின்ல 'ப்ரீ-ஆத்' வந்துச்சு. பணத்தை எடுக்காம, லிமிட்ல அவ்வளவு தொகையை மட்டும் பேங்க் நிறுத்தி வைக்கும். ரூம் காலி பண்ணும்போது பில்லை எடுத்துக்கிட்டு மீதியை விடுவிக்கணும். இதுக்கு போட்டோவும் வேண்டாம், ஜெராக்ஸும் வேண்டாம். டெபிட் கார்டுன்னா மட்டும் உங்க சொந்தக் காசே மாட்டிக்கும், திரும்பி வர சில நாள் ஆகலாம்.

2004 டிசம்பர்ல கார்டு கம்பெனிங்க சேர்ந்து பிசிஐ விதிகளை வெளியிட்டாங்க. பின்னாடி இருக்கற மூணு இலக்க சிவிவியை, பேங்க் ஓகே சொன்னப்புறம் சேமிக்கவே கூடாதுங்கறது அதுல ஒண்ணு. அதுக்கப்புறமும் 2008 - 2010ல விண்டம் ஹோட்டல் குழுமத்துக்குள்ள மூணு தடவை புகுந்து, 6,19,000க்கும் மேல கார்டு விவரத்தை அள்ளிட்டுப் போனாங்க. ஸ்டார்வுட் முன்பதிவு சிஸ்டத்துக்குள்ள 2014லயே நுழைஞ்சவங்களை, அந்தக் கம்பெனியை வாங்கின மேரியட் 2018லதான் கண்டுபுடிச்சது. அத்தனை பெரிய செக்யூரிட்டி டீம் வச்சிருந்தவங்க கதையே இப்படின்னா, நம்ம தம்பி செல்போன்?

'ஓடிபி இருக்கேடா'ன்னு நினைப்பீங்க. 2009 ஆகஸ்ட் 1ல இருந்து ரிசர்வ் வங்கி அந்தக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினது உண்மை. ஆனா நிறைய வெளிநாட்டு தளங்கள்ல நம்பர், தேதி, சிவிவி இருந்தாலே போதும், ஓடிபி கேக்காது. 2022 அக்டோபர் 1ல இருந்து கடைக்காரங்க கார்டு நம்பரைச் சேமிக்கக் கூடாது, கடைசி நாலு இலக்கம் மட்டும் வச்சுக்கலாம்னு விதி. செல்போன் கேலரிக்கு யாரு போய் ஆடிட் பண்றது?

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். ப்ரீ-ஆத்னதும் அவருக்குப் புரிஞ்சுது, ரெண்டே நிமிஷத்துல மிஷின்லயே போட்டுக் குடுத்துட்டார். எடுத்த படத்தை என் கண்ணு முன்னாடியே அழிக்கச் சொன்னேன். தம்பி கேலரியைத் தொறந்தார். என் கார்டுக்கு மேல வரிசையா நீலம், தங்கக் கலர், பச்சைன்னு அடுத்தவங்க கார்டுங்க, முன்னும் பின்னுமா.

அப்பா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவா என் காதுல கேட்டார்.

"காலைல பொண்ணு வீட்டுக்காரங்களும் இங்கதானே ரூம் எடுத்தாங்க?"